கூடத்தில் பிரித்துப் போட்ட வண்டி

ரெண்டு மணி நேர வேலை என்று சொல்லித்தான் முஜீப் என் ஸ்கூட்டரைக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். அது 2006 ஜனவரி. மார்ச் முடிகிற வரைக்கும் வண்டி அங்கேதான் கிடந்தது. நடுவில் ஒன்பது நாள் ஓடியது உண்மை. அதை மறைக்க மாட்டேன், எனக்குக் கோபம் உண்டே தவிர வஞ்சகம் கிடையாது.

முஜீப் ரஹ்மான் என் வீட்டுக்காரர். எட்டு வருஷம் ஷார்ஜாவில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தார். ஓட்டல் சாப்பாடு கொண்டுபோகிற வண்டிகள் ஒரு நாளைக்கு முப்பதாவது அவர் கையில் வந்து போகுமாம். முதலாளி ஷெட்டை விற்றுவிட்டார், விசா போயிற்று, டிசம்பர் கடைசியில் இவர் ரெண்டு பெட்டியோடு மரக்காணத்தில் வந்து இறங்கினார். ஒரு பெட்டியில் துணி. இன்னொன்றில் ஸ்பேனர்கள், ஒவ்வொன்றும் துணி சுற்றி, குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி.

அவர் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. உப்பளத்தை ஒட்டின கடைசித் தெருவில், மாமியார் மெஹரூன்னிசாவும் நானும் மட்டும் இந்த வீட்டில். பிள்ளை இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருகிறவரை வைத்துக்கொண்டு அல்லாவைக் குறை சொல்வது நியாயமும் இல்லை. ஆறு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது வருஷம் குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்களுக்குத் துணி தைக்கிற ஒரு யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே போய்வர, கீழ்புத்துப்பட்டில் ஒரு டீச்சரிடமிருந்து இந்தச் சின்ன ஸ்கூட்டரை வாங்கினேன். எழுபத்தைந்து சிசி, நாலு ஸ்ட்ரோக், மெரூன் கலர். மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. முஜீப் போனில் சரி என்றார். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு வேறென்ன சொல்ல முடியும்?

முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பர்தாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஈசிஆரில் நான் போவதைப் பார்த்து முதலில் ஊர் வாயைப் பிளந்தது, பிறகு மூடிக்கொண்டது. வண்டி நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஆடும். எதிர்காற்று அடித்தால் முப்பது. எனக்கு அது போதும்.

வந்த பத்தாம் நாள் முஜீப் அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். இறங்கி, பெண் பார்க்கப் போய் பிடிக்காமல் திரும்பி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். இழுவையே இல்லை என்றார். ஷார்ஜாவில் இந்த மாதிரி வண்டியை அவர் என்னவாக மாற்றியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாதாம். இன்னும் பதினைந்து நாளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஷெட் போடப்போவதாகவும், அதற்கு முன்னால் ஊருக்குக் காட்ட ஒரு வண்டி வேண்டும் என்றும் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். எட்டு வருஷத்தில் என் பொருள் ஒன்றை அவர் கையில் எடுத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தார்ப்பாயை விரித்தார். பிரித்த சாமான்களைப் பிரித்த வரிசையிலேயே அடுக்கினார். அவர் வேலை செய்கிற முறை அது, ஒரு போல்ட்டை இரண்டு விரல் தள்ளி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தார்ப்பாயை யாரும் மிதிக்கக் கூடாது. நானும் மாமியும் சுவரோரமாகப் பக்கவாட்டில் நடந்து சமையலறைக்குப் போனோம். கூடத்தில் தொழுதுகொண்டிருந்த மாமி, பெட்ரோல் வாடை தாங்காமல் தொழுகைப் பாயை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டார்.

இந்த வண்டிகளில் கியர் கிடையாது. இடது பக்கத்து மூடிக்குள் ஒரு பெல்ட். பெல்ட்டின் முன் முனையில் ஒரு வட்டுக்குள் கொட்டைப்பாக்கு அளவில் ஆறு ரோலர்கள். என்ஜின் வேகம் எடுக்க எடுக்க அவை வெளியே ஒதுங்கி பெல்ட்டை மேலே தள்ளும். பின் முனையில் கிளட்ச். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று மாதம் அவற்றைச் சுற்றித்தான் நான் சாப்பாட்டுத் தட்டோடு நடந்தேன்.

முதல் தடவை அவர் ரோலர்களை மாற்றினார். தட்டான் கடைத் தராசை இரவல் வாங்கிவந்து ஒவ்வொன்றையும் நிறுத்துப் போட்டார். பிறகு அந்தப் பக்கத்து மூடியில் டிரில்லால் பதினாறு ஓட்டை போட்டார். உள்ளே சூடு தங்கினால் பெல்ட் தேயும், ஷார்ஜாவில் எல்லா வண்டிக்கும் இப்படித்தான் என்றார். ஓட்டைகள் பூ மாதிரி வட்டமாக அழகாகத்தான் இருந்தன. வண்டி பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒன்பது நாள் நான் ராணி.

பத்தாவது நாள் திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்க வண்டி வாசலில் நின்றிருந்தது. எங்கள் தெருவில் காற்று உப்புதான். துவைத்துக் காயப்போட்ட துணியை நாக்கில் வைத்தால் கரிக்கும். ஸ்டார்ட் செய்து பிரேக்கை விட்டேன், ஆக்சிலரேட்டரைத் தொடக்கூட இல்லை, வண்டி துள்ளிப் பாய்ந்து எதிர் டீக்கடை பெஞ்சில் மோதியது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சுப்ராயன், கடைத்தெருவில் இருபது வருஷமாக மெக்கானிக். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தவர், நாலு போல்ட்டைக் கழற்றும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். உள்ளே கிளட்ச் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த முஜீப்பைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா பாய் இது? உப்புக்காத்து உள்ள வந்து போறதுக்கு வழி வுட்டு வெச்சிருக்கீங்களா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் டீக்கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். பாலைவனத்து வெயிலில் ஓட்டை போடலாம், உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டையையே கிரீஸ் வைத்து அடைப்பார்கள். இந்த ஊரில் சைக்கிள் வைத்திருக்கிற கிழவருக்குக்கூடத் தெரிந்த சங்கதி அது. இந்த ஊரில் பிறந்த என் வீட்டுக்காரருக்கு எட்டு வருஷத்தில் மறந்துபோயிருந்தது. சாயங்காலத்துக்குள் அவர் பெயர் ஓட்டை பாய் ஆகிவிட்டது.

ஷெட் போடுகிற பேச்சு அன்றோடு நின்றது. அவரும் நின்றுவிட்டார். கடைத்தெருவுக்குப் போக மாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கும் கடைசியாகப் போய்க் கடைசி வரிசையில் நின்று, முதல் ஆளாகத் திரும்பி வந்துவிடுவார். வண்டி மறுபடி தார்ப்பாய்க்கு வந்தது. இந்த முறை முழுசாகச் செய்யப்போவதாகச் சொன்னார். ஓட்டைகளை அடைத்துத் தேய்த்து வழுவழுவென்று ஆக்கினார். என்ஜினையே பெரிதாக்க வேண்டும் என்றார். பெரிய சிலிண்டர், பெரிய பிஸ்டன், அதற்கேற்ற கார்புரேட்டர். சென்னை புதுப்பேட்டையில் பழகின ஆளுக்குப் போன் போட்டு, பஸ்ஸில் சாமான் வந்தது. சிலிண்டர் வந்தால் ரிங் சேரவில்லை. ரிங் வந்தால் கிளட்ச் ஸ்பிரிங் வலு பத்தாது. ஸ்பிரிங் வந்தால் பெல்ட் நீளம் இடிக்கும். ஒவ்வொரு வாரமும் இன்னும் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி.

நான் பஸ்ஸில் போனேன். யூனிட்டுக்கு இறங்க வேண்டிய பெரியமுதலியார்சாவடியில் காலையில் நிற்கிற பஸ் ஒன்றே ஒன்று. அதில் போய் இறங்கி, மேட்டில் நடந்து யூனிட்டுக்குள் நுழைய எட்டரை ஆகும். மற்றதெல்லாம் நிற்காமல் பாண்டிச்சேரிக்குப் பறக்கும்.

மார்ச் நடுவில் செந்தமிழ் என்னைக் கூப்பிட்டாள். யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறவள் அவள், என்னைவிட நாலு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். துணி வெட்டுவதற்கென்று தனியாக ஒரு புது ரூம் கட்டி முடிந்திருந்தது. ஏப்ரல் மூணாம் தேதி திங்கட்கிழமை திறக்கிறார்கள். வெட்டுவதற்கு ஆறு பெண்கள், அவர்களுக்கு மேலே ஒருத்தி. அந்த ஒருத்தி நான்தான் என்று அவள் மனதில் இருந்தது.

"ஆனா சாவி உங்க கையிலதான் இருக்கும், அக்கா. ஏழே முக்காலுக்குத் தெறக்கணும். பஸ்ஸுல வந்தா நடக்காது. வண்டி எப்போ ரெடியாவும்?"

வண்டி தயாராகாவிட்டால் அந்த இடம் உள்ளூர்ப் பெண் ஒருத்திக்குப் போகும். அதையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். எனக்கு வயது முப்பது. என்னை நம்பி யாரும் ஒரு சாவியைக் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டு பீரோ சாவிகூட மாமியின் இடுப்பில்தான் தொங்கியது. அந்த ரூம் எனக்கு வேண்டும். சோறு தண்ணியைவிட வேண்டும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். முஜீப் முகம் மலர்ந்துதான் கேட்டார். மூணாம் தேதியா, அதற்கு முன்னாலேயே முடித்துவிடலாம், ரோலர் மட்டும்தான் சரியாக உட்காரவில்லை என்றார். அதற்கடுத்த வாரமும் ரோலர் உட்காரவில்லை. புது பிஸ்டன் போட்ட வண்டியை முதல் ஐநூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும், அதுவும் பாக்கி என்றார். நான் தலையாட்டினேன். என் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று அப்போது தெரியவில்லை. மெக்கானிக்கும் புருஷனும் ஒரே ஆளாக இருந்தால் யாரால் என்ன கேட்க முடியும்?

இருபத்தொன்பதாம் தேதி புதன்கிழமை யூனிட்டில் கரண்ட் போயிற்று. டிரான்ஸ்பார்மரே போய்விட்டதாம். பத்து மணிக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினொன்றே காலுக்கு மரக்காணத்தில் இறங்கினேன். வெயில் சுட்டது. சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று உப்பளத்துக்கு நடுவே லாரி போகிற பாதையில் நடந்தேன். ரெண்டு பக்கமும் பாத்தி, பாத்தியோரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், கண்ணைத் திறக்க முடியாத கூச்சம். பாதை மட்டும் கயிறு பிடித்த மாதிரி நேராகப் போகும்.

சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு தூரத்தில் ஒரு மெரூன் புள்ளி. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. நெஞ்சை ஹேண்டில்பாரில் படுக்க வைத்து, லுங்கி பின்னால் படபடக்க, என் வீட்டுக்காரர் என் வண்டியில் வந்துகொண்டிருந்தார். எண்பது இருக்கும். கூட இருந்தாலும் இருக்கும். நான் ஒரு உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். என்னைத் தாண்டிப் போனார். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கல்யாணமான முதல் மாதம் பார்த்தது, அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

உப்பு சுமந்துகொண்டிருந்த பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருத்திகூடத் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. தினமும் நடக்கிற ஒன்றைத்தான் யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் ஒருத்தி குப்பம்மாள், எங்கள் தெருவில் இருப்பவள், கூடையை இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

"பதினோரு மணி ஆச்சுன்னா வந்துடுவாரு உங்க ஊட்டுக்காரரு. ஒரு மணி நேரம் போறதும் வர்றதுமா இருப்பாரு. ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன். பிறகு அவர்கள் சாப்பிடுகிற கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். டிபன் டப்பாவைத் திறந்தேன், மறுபடி மூடினேன். நேராக வீட்டுக்குப் போய்க் கத்தியிருக்கலாம். போகவில்லை. வழக்கமாகத் திரும்புகிற ஆறு மணிக்குப் போய், அவர் என் முகத்தைப் பார்த்து என்ன பொய் சொல்கிறார் என்று காதால் கேட்க வேண்டும் என்று இருந்தது. பொல்லாத பிடிவாதம்தான். ஆறு மணி நேரம் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு நான் நுழைந்தபோது தார்ப்பாயில் எல்லாம் வரிசையாக இருந்தன. பெல்ட், வட்டு, ஆறு ரோலர், கிளட்ச். முஜீப் சம்மணமிட்டு ஒரு ரோலரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்று தேய்ந்துவிட்டது, புதுப்பேட்டைக்குச் சொல்லியிருக்கிறேன், நாளை மறுநாள் வந்துவிடும் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் பக்கவாட்டில் நடந்து சமையலறைக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது வண்டியின் மீட்டரைப் பார்த்தேன். நான் கடைசியாக ஓட்டினபோது பதினோராயிரத்து நாற்பது. பெட்ரோல் போட அதைத்தான் நினைவு வைத்திருப்பேன். இப்போது பன்னிரண்டாயிரத்து முந்நூறைத் தாண்டியிருந்தது. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போன நாட்களில் என் வண்டி கிட்டத்தட்ட ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஓடி முடித்துத் தினமும் மத்தியானம் எனக்காகப் பிரிந்து படுத்திருக்கிறது. யூனிட்டுக்குப் போய்ச் செந்தமிழிடம் வண்டி ரெடி, சாவியை எனக்கே கொடு என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் தார்ப்பாயை மிதித்துக்கொண்டு போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். கால் பட்டு ஒரு போல்ட் உருண்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். புதன்கிழமை நான் எங்கே நின்றேன் என்பதையும் மீட்டர் கணக்கையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. சமையலறை வாசலில் மாமி வந்து நின்றார்.

"நான்தான் உன்னாண்ட சொல்ல வேணாம்னேன்" என்றார் மாமி. "அந்த ஒரு மணி நேரந்தான் என் புள்ள மூஞ்சில வெளிச்சம் தெரியுது. நீ வண்டிய எடுத்துக்கினு போயிட்டீன்னா?"

ஆக, மாமிக்குத் தெரியும். குப்பம்மாளுக்குத் தெரியும். உப்பளத்து லாரிக்காரர்களுக்குத் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்தி, அந்த வண்டிக்குச் சொந்தக்காரி.

முஜீப் ரோலர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவர் ஏதாவது சாக்கு சொல்வார், பிடித்துக்கொண்டு சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவர் சாக்கு சொல்லவில்லை.

"இத மாட்டிக் குடுத்துட்டேன்னு வை. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நான் இன்னா பண்றது? வெளிய போனா ஓட்டை பாய். உள்ள இருந்தா இந்த நாலு செவுரு. இது பிரிஞ்சு கெடக்குற வரைக்கும் நான் மெக்கானிக்கு. நீயே சொல்லு, நான் இன்னா பண்றது?"

எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் வந்ததுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"ஆறு வருசம் காலைல பத்து மணிக்கு இந்த நாலு செவுத்துக்குள்ள நான் இன்னா பண்ணேன்? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, போன்ல கேட்டீங்களா?"

மாமி உள்ளே போய்விட்டார். நான் உருண்ட போல்ட்டைத் தேடி எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். எந்த இடம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முஜீப் அதைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். நான் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை முழுசாக மாட்டி முடிக்க அவருக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. மூன்று மாதம் நான் பஸ்ஸில் நின்ற வேலை, நாற்பது நிமிஷம்.

திங்கட்கிழமை ஆறரைக்குக் கிளம்பினேன். கையைத் திருகியதும் வண்டி என்னைப் பின்னால் விட்டுவிட்டு ஓடப்பார்த்தது. கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது, தினமும் எனக்காக நிற்காமல் போன அந்தப் பாண்டிச்சேரி பஸ்ஸைக் கடந்தேன். கடந்த பிறகு ஒருமுறை திரும்பியும் பார்த்தேன். அல்லா மன்னிக்கட்டும், அவர் கை வேலை அப்படி இருந்தது. இவ்வளவு நல்ல வேலைக்காரரை ஒரு ஊர் ஒரு சொல்லால் வீட்டுக்குள் தள்ளிவிட்டதே என்று ஈசிஆரில் அழுதுகொண்டே போனேன். ஏழு இருபதுக்கு யூனிட் வாசலில் இருந்தேன். செந்தமிழ் சாவியைக் கையில் வைத்தாள். ரூமைத் திறந்தபோது புது சுண்ணாம்பு வாசனை அடித்தது. நீளமான மேசை ஒன்று, அதன் தலைமாட்டில் என் நாற்காலி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கூடம் காலியாக இருந்தது. தார்ப்பாய் மடித்து மூலையில் வைத்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு கூடத்தின் நடுவில் நேராக நடந்து போனேன், ஏனோ கால் கூசியது. முஜீப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டி எப்படி ஓடியது என்று கேட்டார். நல்லா ஓடியது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவர் நகக்கண்ணில் கிரீஸ் இல்லை. கை வெளுத்து, யாரோ ஆபீஸ்காரர் கை மாதிரி இருந்தது.

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை வந்தபோது ஸ்பேனர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி துணி சுற்றிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையும் அதே ஸ்பேனர்கள், அதே எண்ணெய். நானும் இதே கூடத்தில், ஒரு புடவைகூட அழுக்காகாத பீரோவை வாரத்துக்கு மூன்று தடவை எடுத்து அடுக்கியிருக்கிறேன். மாமியிடம் சாவி வாங்கி அடுக்கிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுப்பேன். அதனால் எனக்கு அது என்னவென்று தெரியும். தெரியாதவளாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவரை அந்தச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்வருகிறேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவர் மேல்தான் மறுபடி எரிச்சல் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை இறக்கி வைத்துவிட்டு, பர்தாவைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"பின்னாடி ஒரு சத்தம் வருது. பெல்ட்டு பக்கம். கொஞ்சம் பாக்குறீங்களா?"

அவர் நிமிர்ந்தார். என்ன மாதிரிச் சத்தம், ஸ்டார்ட்டிங்கிலா, ஓடும்போதா என்று கேட்டார். எனக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஓடும்போது, நாற்பதில், கரகரவென்று. சத்தமே கிடையாது. வண்டி தேன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து தார்ப்பாயை விரித்தார், வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். மூடியைக் கழற்றினார். ஆறு ரோலரும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இரவு இஷா தொழுகைக்கு பாங்கு சொல்வதற்குள் துடைத்து, கிரீஸ் வைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டார். ஏழே முக்காலுக்கு நான் ரூமைத் திறக்க வேண்டும் என்பது அவருக்கும் நினைவிருந்தது.

சனிக்கிழமை பிரேக்கில் ஒரு முனகல் இருந்தது. திங்கட்கிழமை முன்னால் ஒரு ஆட்டம். செவ்வாய்க்கிழமை ஸ்டார்ட் ஆக ஒரு நொடி யோசிக்கிறது என்றேன். இப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது. யூனிட்டில் மத்தியானம் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே, இன்றைக்கு வண்டிக்கு என்ன நோய் சொல்வது என்ற யோசனை வந்துவிடுகிறது. எட்டு வருஷம் போனில் நல்லா இருக்கேன் என்று ஒரே பொய்யைச் சொன்னவள் நான். அது சுலபமாக இருந்தது. இப்போது தினம் ஒரு புதுப் பொய் வேண்டும், அதுவும் மெக்கானிக் காதுக்குப் பொருந்துகிற பொய்.

நேற்று ஒன்றும் கிடைக்கவில்லை. சொன்னதையே திருப்பிச் சொன்னேன், பெல்ட்டு பக்கம் கரகரவென்று. அவர் ஒன்றும் கேட்காமல் பிரித்தார், துடைத்தார், மாட்டினார். கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு, மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நாளைக்கு இன்னா சத்தம் வரும், ஆஸிஃபா?"